விழுந்தவரைத் தூக்கும் முன்: முதுகெலும்புக் காயம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு மருத்துவமனை ஒன்றின் விபத்துப் பிரிவில் 16 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கல்லூரிகளிலும் ஆட்டோ நிறுத்தங்களிலும் முதலுதவி வகுப்பு எடுக்கிறேன். எந்த ஊரில் வகுப்பு நடந்தாலும், கழுத்தும் முதுகும் பற்றிப் பேசத் தொடங்கியதும் கைகள் உயரும். கேள்விகளும் ஏறக்குறைய அதே கேள்விகள்தான். வார்டு வாசலில் காத்திருக்கும் உறவினர்கள் கேட்பவற்றையும் சேர்த்து, அவரவர் சொன்னபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றை நம்பி நிற்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

முதுகெலும்பு உடைந்தால் கை கால் விழுந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

எப்போதும் இல்லை. முதுகெலும்பு என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய 33 சிறு எலும்புகள். கழுத்தில் 7, நெஞ்சின் பின்புறம் 12, இடுப்பில் 5, அதற்கும் கீழே இருப்பவை ஒன்றோடொன்று ஒட்டியவை. இந்த அடுக்கின் உள்ளே ஓடும் குழாயில், சுண்டுவிரல் பருமனில், தண்டுவடம் இறங்குகிறது. மூளையிலிருந்து கை கால்களுக்குப் போகும் கட்டளையும், அங்கிருந்து மூளைக்கு வரும் உணர்ச்சியும் இதன் வழியேதான் போய் வருகின்றன. எலும்பு உடைந்தும் தண்டுவடம் தப்பியவர்கள் ஏராளம். அந்தத் தப்பிய தண்டுவடத்தைத் தப்பியதாகவே மருத்துவமனைக்குக் கொண்டு வந்து சேர்ப்பதற்குத்தான் இவ்வளவு பாடும்.

அடி எந்த உயரத்தில் பட்டது என்பதைப் பொறுத்து இழப்பு மாறும். இடுப்புப் பக்கம் என்றால் கால்களும் சிறுநீர்க் கட்டுப்பாடும். கழுத்து என்றால் கைகளும் சேரும். கழுத்தின் 3, 4, 5 ஆம் மட்டத்து நரம்புகள்தான் மூச்சை இழுக்கும் உதரவிதானத்தை இயக்குகின்றன. அதற்கும் மேலே அறுபட்டால் மூச்சே நின்றுவிடும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், கீழே பல இடங்களில் வரும். அடிபட்ட தண்டுவடம் வீங்கும். அந்த நேரத்தில் உடலில் ஆக்சிஜன் குறைந்தாலோ ரத்த அழுத்தம் விழுந்தாலோ, பிழைத்திருக்கும் நரம்பும் சேர்ந்து சாகும். கழுத்தை அசைப்பதைப் போலவே மூச்சடைப்பும் ரத்தப்போக்கும் தண்டுவடத்துக்கு எதிரிகள்.

விழுந்தவர்கள் எல்லோரையும் அசைக்காமலே வைத்திருக்க வேண்டுமா?

வாசற்படியில் கால் இடறி உட்கார்ந்தவரை வேண்டாம். சந்தேகப்பட வேண்டியவர்கள் இவர்கள்: தென்னை, பனை, மொட்டை மாடி, சாரம் போன்ற உயரத்திலிருந்து விழுந்தவர்; வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டவர்; நீரில் தலைகீழாகக் குதித்தவர்; தலையில் பலமாக அடிபட்டு நினைவு தப்பியவர்; தலைமேல் மூட்டை விழுந்தவர்; கபடியிலோ ஜல்லிக்கட்டிலோ தலைகுப்புற விழுந்தவர். இவர்களில் யாராவது கழுத்து வலிக்கிறது, முதுகு நடுவில் வலிக்கிறது, கை மரத்துப்போகிறது, கால் என்னுடையது போல் இல்லை என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

குடித்திருப்பவரின் ‘வலிக்கவில்லை’ என்ற சொல்லை நம்பாதீர்கள். தொடை எலும்பு முறிந்து துடிப்பவரின் சொல்லையும் நம்ப முடியாது. பெரிய வலி சின்ன வலியை மறைத்துவிடும்.

108-ஐ அழைத்துவிட்டேன். அவர்கள் வரும்வரை நான் என்ன செய்ய வேண்டும்?

அவருடைய முகத்துக்கு நேரே வந்து பேசுங்கள். பின்னாலிருந்து ‘அண்ணே’ என்று கூப்பிட்டால் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பிவிடுவார். “தலையாட்டாதீர்கள், வாயால் மட்டும் பதில் சொல்லுங்கள்” என்று முதலில் சொல்லிவிட்டுப் பிறகு பெயரைக் கேளுங்கள்.

அதன்பின் அவர் தலைமாட்டில் மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் தலையின் இரு பக்கமும் பிடியுங்கள். முழங்கைகளைத் தரையிலோ உங்கள் தொடையிலோ ஊன்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஐந்து நிமிடத்தில் கை நடுங்கும். விரல்கள் காதை மூடக் கூடாது. அவருக்கு நீங்கள் பேசுவது கேட்க வேண்டும். இழுக்க வேண்டாம், அழுத்த வேண்டாம். பிடித்துக்கொண்டிருந்தால் போதும். இந்த வேலைக்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

நினைவோடு இருப்பவர் பிடியை எதிர்த்துத் திமிறினால் விட்டுவிடுங்கள். மல்லுக்கட்டினால் கழுத்து இன்னும் அதிகமாக முறுகும். வலிக்கும் கழுத்தை அவருடைய தசைகளே இறுக்கிக் காக்கும். தண்ணீர், சோடா எதுவும் கொடுக்காதீர்கள். தைலம் தேய்த்து நீவிவிடுவதும் சுளுக்கு எடுப்பதும் கூடவே கூடாது.

மூச்சுத் திணறுகிறது, வாந்தி எடுக்கிறார். அப்போதும் அசைக்கக் கூடாதா?

அசைக்க வேண்டும். வகுப்புகளில் நான் அதிக நேரம் செலவழிப்பது இந்த ஒரு கேள்விக்குத்தான். கழுத்துக்குப் பயந்து, கண்ணெதிரே ஒருவர் தன் வாந்தியிலேயே மூச்சடைத்துப் போகும்வரை கூட்டம் கைகட்டி நின்றதை நான் அறிவேன். அவரைக் கொண்டு வந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே ஒன்று: “தொடக் கூடாது என்றார்கள், அதனால் தொடவில்லை.” பிறகு எடுத்த ஸ்கேனில் கழுத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

வாந்தி வந்தால் தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேரத்தில் திரும்பும்படி பக்கவாட்டில் புரட்டுங்கள். நீங்கள் ஒருவரே இருந்தாலும் புரட்டுங்கள். மயக்கத்தில் குறட்டை போன்ற சத்தம் வந்தால் நாக்கு பின்னால் விழுந்திருக்கிறது என்று பொருள். தலையைப் பின்னால் சாய்க்காமல், இரு காதுக்கும் கீழே இருக்கும் தாடை மூலைகளில் விரல் வைத்து, தாடையை மட்டும் முன்னோக்கித் தள்ளுங்கள். அதிலும் காற்று போகவில்லை என்றால் தலையைச் சிறிது சாய்த்தே ஆக வேண்டும். மூச்சே இல்லை என்றால் மல்லாக்கப் படுக்கவைத்து நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். பீறிடும் ரத்தத்தைத் துணி வைத்து அழுத்துவதும் கழுத்துக்கு முந்தியது.

கழுத்து ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு கிடக்கிறது. நேராக்கலாமா?

மூச்சு தடையில்லாமல் போகிறது என்றால் நீங்கள் தொட வேண்டாம். கிடக்கும் நிலையிலேயே பிடித்திருங்கள். பயிற்சி பெற்றவர்கள் மெல்ல நடுநிலைக்குக் கொண்டு வந்து பார்ப்பார்கள். வலி கூடினாலோ, கை கால் மரத்தாலோ, தடுப்பது போல் இருந்தாலோ அவர்களும் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். வயதானவர்களில் இது இன்னும் முக்கியம், கீழே வருகிறது.

ஹெல்மெட்டைக் கழற்றலாமா, கூடாதா? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

நன்றாக மூச்சு விடுகிறார், பேசுகிறார் என்றால் கண்ணாடியை மட்டும் மேலே தூக்கிவிட்டு அப்படியே விடுங்கள். மூச்சில்லை, வாய்க்குள் ரத்தமோ வாந்தியோ நிறைந்திருக்கிறது, முகத்தை எட்ட முடியவில்லை என்றால் கழற்றித்தான் ஆக வேண்டும்.

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தலைமாட்டிலிருந்து ஹெல்மெட்டோடு சேர்த்துத் தலையைப் பிடிக்கிறார். மற்றவர் தாடைக்குக் கீழே இருக்கும் கொக்கியை விடுவித்து, ஒரு கையால் தாடையையும் மறு கையால் பிடரியையும் தாங்குகிறார். இப்போது தலைமாட்டில் இருப்பவர் ஹெல்மெட்டின் இரு பக்கங்களையும் விரித்துப் பிடித்து மெல்ல இழுக்கிறார். முகம் முழுவதையும் மூடும் ஹெல்மெட் மூக்கில் மாட்டும், அந்த இடத்தில் முன்பக்கத்தைச் சற்றுத் தூக்கி எடுக்க வேண்டும். ஹெல்மெட் வெளியே வரும் அந்த நொடியில் தலை தொப்பென்று விழப் பார்க்கும். பிடரிக்குக் கீழே இருக்கும் கை அங்கேயே இருக்கட்டும்.

எங்கள் ஊருக்கு ஆம்புலன்ஸ் வர நேரமாகும். ஆட்டோவிலோ குட்டி யானையிலோ ஏற்றிக்கொண்டு போகலாமா?

உயிர் போகும் நிலை என்றால் கிடைத்த வண்டியில் வாருங்கள். ஆனால் எப்படி ஏற்றுகிறீர்கள் என்பதில் எல்லாம் இருக்கிறது. இரு சக்கர வண்டியில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவர் அணைத்துப் பிடித்துக்கொண்டு வருவதுதான் நான் பார்த்தவற்றிலேயே மோசமானது. தலை ஒவ்வொரு பள்ளத்திலும் ஊசலாடும். கக்கத்தில் ஒருவர், காலில் ஒருவர் பிடித்துத் தூக்குவதும், புடவையில் தூளி கட்டி எடுத்து வருவதும் முதுகை வில்லாக வளைத்துவிடும்.

வீட்டுக் கதவு, பெஞ்ச், அகலமான பலகை எதுவானாலும் சரி. கட்டையை உருட்டுவது போல உருட்டி ஏற்ற வேண்டும், அதற்கு நான்கு பேரும், பலகையைத் தள்ள இன்னொருவரும் வேண்டும். ஒருவர் தலைக்கு. மற்ற மூவரும் ஒரே பக்கமாக மண்டியிட்டு, தோள், இடுப்பு, கால் என்று பிடிக்கிறார்கள்; அவர்களுடைய கைகள் ஒன்றையொன்று குறுக்கே தாண்டியிருக்க வேண்டும். தலையைப் பிடித்திருப்பவர்தான் எண்ணிக்கை சொல்ல வேண்டும், வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. அவர் ‘மூன்று’ என்றதும் மூக்கும் தொப்புளும் ஒரே கோட்டில் இருக்கும்படி தங்கள் பக்கமாகப் புரட்ட வேண்டும். ஐந்தாவது ஆள் பலகையை உள்ளே தள்ளுவார்.

சில ஆண்டுகளுக்கு முன் தென்னையிலிருந்து விழுந்த ஒருவரைச் சரக்கு வண்டியில் கொண்டு வந்தார்கள். பின்தளத்தில் கதவு, கதவின் மேல் அவர், தலைமாட்டில் அவருடைய மகள். பத்தாம் வகுப்புக்குமேல் இருக்காது. சுருட்டிய இரண்டு வேட்டிகளைத் தலையின் இரு பக்கமும் வைத்து, அவற்றைத் தன் முழங்கால்களால் நெருக்கிப் பிடித்துக்கொண்டு 20 கிலோமீட்டர் வந்திருந்தாள். வண்டி நின்ற பிறகும் அவள் பிடியை விடவில்லை. நான் என் கையை அவள் கைமேல் வைத்து, “பிடித்துக்கொண்டேன் அம்மா, நீ விடு” என்று சொன்ன பிறகுதான் விட்டாள். கழுத்தில் இரண்டு எலும்புகள் முறிந்திருந்தன. அவர் நடந்து வீட்டுக்குப் போனார். மகளுக்குப் பள்ளியில் என்.சி.சி.யில் சொல்லிக் கொடுத்தார்களாம்.

விபத்தான காருக்குள் இருப்பவரை நாங்கள் இழுத்து வெளியே எடுக்க வேண்டுமா, அவரே இறங்கலாமா?

நினைவு தெளிவாக இருக்கிறது, கை கால் அசைகிறது, மரத்துப்போகவில்லை, கால் முறியவில்லை என்றால் அவரே இறங்குவது நல்லது. கேட்பதற்கு முரணாகத் தோன்றும். பிரிட்டனில் தன்னார்வலர்களின் கழுத்து அசைவை அளந்து பார்த்திருக்கிறார்கள். சொல்லச் சொல்ல மெல்லத் தானே இறங்கியவரைவிட, பலகையும் காலரும் (கழுத்தில் மாட்டும் விறைப்பான பட்டை) வைத்துக் குழு ஒன்று வெளியே எடுத்தவரின் கழுத்து 4 மடங்கு வரை அதிகமாக அசைந்திருக்கிறது. “கழுத்தை நேராக வையுங்கள், ஒரு காலை வெளியே வையுங்கள், உடம்போடு சேர்ந்து திரும்புங்கள், வலித்தால் நில்லுங்கள்” என்று ஒருவர் மட்டும் நிதானமாகச் சொல்ல வேண்டும். இறங்கியதும் படுக்கவைத்துவிடலாம்.

வண்டி தீப்பிடிக்கிறது, நீரில் மூழ்குகிறது என்றால் இந்தக் கணக்கெல்லாம் இல்லை. அவருடைய முதுகுப்பக்கம் போய், கக்கத்தின் வழியே கைவிட்டு, தலை உங்கள் மார்பிலோ முன்கைகளிலோ சாய்ந்திருக்க, உடலின் நீளவாக்கில் இழுங்கள். குறுக்காக இழுத்தால்தான் முதுகு முறுகும்.

பையன்கள் கோடையில் கிணற்றில் தலைகீழாகக் குதிக்கிறார்கள். அடிபட்டால் தண்ணீரிலிருந்து எப்படி எடுப்பது?

போன மாதம் ஆறாள் ஆழம் இருந்த கிணற்றில் ஏப்ரலில் இடுப்பளவுதான் இருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. இப்படிக் குதித்த பிளஸ் ஒன் மாணவன் ஒருவன், மார்பில் கயிறு கட்டித் தூக்கப்பட்டு எங்களிடம் வந்தான். முழு நினைவோடு இருந்தான். “என் கையை யாராவது தூக்கி நெஞ்சில் வையுங்கள், அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை” என்றான். கை நெஞ்சில்தான் இருந்தது.

குப்புற மிதப்பவரை முதலில் மல்லாக்கத் திருப்ப வேண்டும். அவருடைய இரண்டு கைகளையும் தலைக்கு மேலே நீட்டி, அந்தக் கைகளாலேயே தலையை இரு பக்கமும் நெருக்கிப் பிடித்துப் புரட்டினால் கழுத்து அதிகம் அசையாது. மூச்சு இருந்தால் அவசரமே வேண்டாம். தண்ணீர் அவரைத் தாங்கும். முகம் மேலே இருக்கும்படி மிதக்கவிட்டபடியே தீயணைப்புத் துறையினர் பலகையோடு இறங்கும்வரை காத்திருங்கள். மூச்சு இல்லை என்றால் எப்படியாவது மேலே கொண்டு வந்து செயற்கைச் சுவாசம் கொடுக்க வேண்டும். தலைகீழாகக் குதிக்காமல் வெறுமனே மூழ்கியவர்களுக்குக் கழுத்து முறிவது அரிது, அவர்கள் விஷயத்தில் மூச்சைத் தவிர வேறு எதையும் நினைக்காதீர்கள்.

காலர் போட்டுவிட்டால் கழுத்து பத்திரம்தானே?

இல்லை. காலர் அசைவைக் குறைக்கும், நிறுத்தாது. காலர் போட்ட பிறகும் தலையைப் பிடித்த கையை எடுக்கக் கூடாது. இரு பக்கமும் தடுப்புக் கட்டை வைத்து வார் கட்டிய பிறகே எடுக்கலாம். அளவு தவறினால் நிலைமை இன்னும் மோசம். பெரிய காலர் தாடையை மேலே தள்ளிக் கழுத்தைப் பின்னால் வளைக்கும், சின்னது கழுத்தை நெரிக்கும்.

காலரால் கெடுதலும் உண்டு. கழுத்து ரத்தக் குழாய்கள் அழுந்துவதால் மண்டைக்குள் அழுத்தம் சராசரியாக 4 முதல் 5 மில்லிமீட்டர் பாதரசம் ஏறுவதாக அளந்திருக்கிறார்கள். தலையில் அடிபட்டவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. மூச்சு விடுவதற்காக வாய் வழியே குழாய் செலுத்துவது கடினமாகும். தாடையிலும் பிடரியிலும் புண் வரும். முதலுதவி செய்பவர்கள் வழக்கமாகக் காலர் போட வேண்டாம் என்று சர்வதேச முதலுதவி வழிகாட்டி 2015-லேயே சொல்லிவிட்டது. டென்மார்க்கின் 2019 வழிகாட்டி ஆம்புலன்ஸ்காரர்களுக்கே அந்த அறிவுரையைச் சொல்கிறது. நம் ஊரில் இன்னும் போடுகிறோம். பயிற்சி பெற்றவர், அளவு பார்த்து, காரணத்தோடு போட்டால் எனக்கு மறுப்பில்லை. மருந்துக் கடையில் கிடைக்கும் மெத்தென்ற பட்டையை வாங்கி வந்து விபத்தில் சிக்கியவருக்கு மாட்டாதீர்கள். அதனால் பயனே இல்லை.

முன்பு எல்லோரையும் பலகையில் கட்டித்தான் கொண்டு வருவீர்கள். இப்போது வந்ததும் பலகையை உருவி எடுத்துவிடுகிறீர்களே, அலட்சியமா?

அக்கறையால்தான் எடுக்கிறோம். அடிபட்டவரைக் கட்டிப்போட்டால் தண்டுவடம் தப்பும் என்பது 1960களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்காவில் பரவிய நம்பிக்கை. நியாயமாகத் தோன்றியது, உலகமே பின்பற்றியது. சோதித்துப் பார்த்தவர் யாருமில்லை. 1998-இல் ஓர் ஆய்வு வந்தது. கோலாலம்பூரில் எந்தக் கட்டும் இல்லாமல் மருத்துவமனைக்கு வந்த 120 பேரையும், அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் முறைப்படி கட்டிக் கொண்டுவரப்பட்ட 334 பேரையும் ஒப்பிட்டார்கள். நரம்புப் பாதிப்பு மலேசியாவில்தான் குறைவு. இரண்டு ஊர்களின் விபத்துகளும் ஒரே மாதிரி இல்லை, எண்ணிக்கையும் சிறியது, ஆகவே கட்டாமல் இருப்பதே மேல் என்று இதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் அதுவரை யாரும் கேட்காத கேள்வியை அது கேட்க வைத்தது.

2013-லும் 2018-லும் அமெரிக்க அறுவை மருத்துவர்களும் அவசர மருத்துவ அமைப்புகளும் நிலைப்பாட்டை மாற்றி எழுதினார்கள். ‘முழுக்க அசையாமல் கட்டுவது’ என்ற சொல்லே போய், ‘முதுகெலும்பின் அசைவைக் குறைப்பது’ என்று ஆனது. பலகை தூக்கவும் மாற்றவும் உதவும் கருவி. படுக்கையாக அதைப் பயன்படுத்தக் கூடாது. ஸ்ட்ரெச்சர் மெத்தையில் நேராகப் படுத்து வார் கட்டியிருந்தாலே அசைவு குறைந்துவிடும். இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் அடியில் செருகும் ஸ்கூப் ஸ்ட்ரெச்சர் இருந்தால், முன்னால் சொன்ன உருட்டலுக்கும் அவ்வளவாக வேலையில்லை.

ஒரு முறை, வேறு ஊரிலிருந்து பலகையோடு அனுப்பப்பட்ட முதியவர் ஒருவர் நான்கு மணி நேரம் கழித்து எங்களிடம் வந்து சேர்ந்தார். புரட்டிப் பார்த்தபோது புட்டத்தின் நடுவே, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு, விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு. படுக்கைப் புண்ணின் முதல் படி அது. அவருக்கு முதுகெலும்பில் காயமே இல்லை. அந்தப் புண் ஆற ஆறு வாரம் ஆனது. இரண்டு மணி நேரத்துக்குமேல் யாரும் பலகையில் கிடக்கக் கூடாது. எங்கள் பிரிவில் வந்த சில நிமிடங்களில் எடுத்துவிடுகிறோம்.

கத்திக்குத்து வாங்கியவருக்கு ஏன் காலர் போடவில்லை?

கத்தியும் குண்டும் தண்டுவடத்தைத் தாக்கினால் அந்த நொடியிலேயே தாக்கிவிடும். பிறகு அசைவதால் புதிதாகப் பாதிப்பு வருவது மிக அரிது. அமெரிக்காவில் இப்படிக் காயம்பட்ட 45,284 பேரின் பதிவுகளை 2010-இல் ஆராய்ந்தார்கள். கட்டப்பட்டவர்களில் 14.7 சதவீதம் பேர் இறந்தார்கள், கட்டப்படாதவர்களில் 7.2 சதவீதம். கட்டுவதில் கழியும் நிமிடங்களில் ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. கழுத்தில் குத்து என்றால் காலர் அந்தக் காயத்தையே மறைத்துவிடும். அழுத்திப் பிடித்து, விரைந்து கொண்டு வாருங்கள்.

ஸ்கேன்கூட எடுக்காமல், கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு டாக்டர் காலரைக் கழற்றிவிட்டார். நம்பலாமா?

சரியாகச் செய்திருந்தால் நம்பலாம். ஐந்து விஷயங்களைப் பார்ப்பார்கள். பிடரியின் நடுக்கோட்டில் அழுத்தினால் வலி இல்லை; போதை இல்லை; நினைவு முழுத் தெளிவு; கை கால் பலமும் உணர்ச்சியும் குறையவில்லை; கவனத்தைத் திருப்பும் வேறு பெரிய காயம் இல்லை. ஐந்தும் சரியாக இருந்தால் படம் தேவையில்லை. அமெரிக்காவில் 21 மருத்துவமனைகளில் 34,069 பேரிடம் இதைச் சோதித்து 2000-இல் வெளியிட்டார்கள். கழுத்துக் காயம் இருந்த 818 பேரில் 8 பேரை மட்டுமே இந்த முறை தவறவிட்டது.

அடுத்த ஆண்டு கனடாவில் வந்த இன்னொரு விதி வயதையும் விபத்தின் தன்மையையும் சேர்த்துக்கொள்கிறது. 65 வயதைத் தாண்டியவர், மூன்றடிக்குமேல் விழுந்தவர், கை கால் மரத்தவர் என்றால் படம் கட்டாயம். இப்படி எந்த ஆபத்தும் இல்லாமல், உட்காரவோ நடக்கவோ முடிகிறவரிடம், கழுத்தை இடமும் வலமும் 45 டிகிரி தானே திருப்பச் சொல்வார்கள். திருப்பினால் போகலாம். இந்தத் திருப்பும் சோதனையைத் தயவுசெய்து சாலையோரத்தில் நீங்கள் செய்து பார்க்காதீர்கள்.

குழந்தைக்கும் இதே முறைதானா?

அடிப்படை அதேதான். ஆனால் எட்டு வயதுக்குக் கீழே உடம்பை நோக்கத் தலை பெரியது. சமதளத்தில் படுக்கவைத்தால் தாடை நெஞ்சில் முட்டும், மூச்சுவழி மடங்கும். ஆகவே தோளுக்குக் கீழே மடித்த துண்டு வையுங்கள். பெரியவர்களுக்கு நேர்மாறு, பிடரிக்குக் கீழே இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு மெல்லிய மடிப்பு. அழுது புரளும் குழந்தையைக் கட்டிப்போடுவதைவிட, அம்மாவை அதன் கண்முன் உட்காரவைத்துப் பேசச் சொல்வது அசைவை நன்றாகக் குறைக்கும். குழந்தைகளில் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் தண்டுவடம் அடிபட்டிருக்கலாம். மரத்துப்போகிறது என்று குழந்தை சொன்னால் படத்தை நம்பாமல் குழந்தையை நம்புங்கள்.

பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்த என் பாட்டியை வேகத்தடையில் தூக்கிப் போட்டது. அன்றிலிருந்து இடுப்பு வலி. இதற்கும் முதுகெலும்புக்கும் தொடர்பு இருக்குமா?

இருக்கும், நிறையப் பார்க்கிறோம். எலும்பு மெலிந்தவர்களுக்கு இந்த ஒரு குலுக்கலே போதும், முள்ளெலும்பு நசுங்கிவிடும். பெரும்பாலும் தண்டுவடம் தப்பிவிடும், என்றாலும் படம் எடுக்க வேண்டும். கால் மரத்தாலோ சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ அன்றைக்கே வாருங்கள்.

கூன் விழுந்தவர்களையும், முதுகெலும்புகள் ஒன்றோடொன்று இணைந்து மூங்கில் போல் இறுகிப்போகும் வாதநோய் உள்ளவர்களையும் ஒருபோதும் நேராக்கிப் படுக்கவைக்காதீர்கள். அவர்களுக்கு வளைவுதான் நேர். நேராக்கும்போதே எலும்பு முறிந்து தண்டுவடம் அறுபடலாம். எத்தனை தலையணை தேவையோ அத்தனை வைத்து, இருந்த வளைவைத் தாங்குங்கள். காலரும் வேண்டாம்.

தானே நடந்து உள்ளே வந்தவரைப் போய்ப் படுக்கவைத்துவிட்டீர்களே?

நடப்பதால் காயம் இல்லை என்று ஆகாது. முதியவர் ஒருவர் குளியலறையில் முகம் குப்புற விழுந்து நெற்றி பிளந்து வருவார். நடப்பார், பேசுவார். தையல் போட்டு அனுப்பிவிடலாம் என்று தோன்றும். தண்ணீர் டம்ளரைக் கையில் கொடுத்தால் பிடிக்க முடியாமல் நழுவவிடுவார். கழுத்து பின்னால் மடங்கும்போது தண்டுவடத்தின் நடுப்பகுதி நசுங்கினால் கால்களைவிடக் கைகள் அதிகம் தளரும். நெற்றியில் காயத்தோடு வரும் முதியவர்களை நான் முதலில் என் இரு கை விரல்களையும் இறுக்கிப் பிடிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

ரத்த அழுத்தம் குறைவு, நாடியும் குறைவு. இது எப்படி என்று நர்சிங் மாணவிகள் கேட்கிறார்கள்.

ரத்தம் போனால் நாடி வேகமாக ஓடும், கை கால் சில்லிடும். கழுத்திலோ நெஞ்சின் மேற்பகுதியிலோ தண்டுவடம் அடிபட்டால் ரத்தக் குழாய்களை இறுக்கும் கட்டளையும் இதயத்தை விரைவுபடுத்தும் கட்டளையும் நின்றுபோகும். அழுத்தம் விழும், நாடி மெதுவாகும், தோல் வெதுவெதுப்பாக இருக்கும். ஆனால் இந்த முடிவுக்குத் தாவாதீர்கள். அடிபட்டவருக்கு அழுத்தம் குறைந்தால் வயிறு, நெஞ்சு, இடுப்பெலும்பு எங்கேயும் ரத்தப்போக்கு இல்லை என்று உறுதி செய்த பிறகே தண்டுவடத்தைக் குற்றம் சொல்ல வேண்டும். வயிற்றில் உணர்ச்சியே இல்லாதவர் வயிறு வலிக்கிறது என்று சொல்ல மாட்டார். அழுத்தத்தை ஏன் விடாமல் தாங்கிப் பிடிக்கிறோம் என்பதை முதல் பதிலில் சொல்லிவிட்டேன்.

பக்கத்து ஊரில் ஸ்டீராய்டு ஊசி போட்டார்களாம். என் தம்பிக்கு ஏன் போடவில்லை?

1990-இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, எட்டு மணி நேரத்துக்குள் அதிக அளவு மெத்தில்பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தால் ஓரளவு பலன் உண்டு என்றது. உலகமெங்கும் போட்டார்கள். கணக்கிட்ட விதம் பிறகு கேள்விக்கு உள்ளானது. கிருமித்தொற்றும் வயிற்றில் ரத்தக்கசிவும் கூடியது. 2013-இல் அமெரிக்க நரம்பியல் அறுவை வழிகாட்டி வேண்டாம் என்றது. சில வல்லுநர்கள் முதல் எட்டு மணி நேரத்துக்குள் கொடுக்கலாம் என்று இன்னும் கருதுகிறார்கள். ஆகவே போட்டவரும் தவறு செய்யவில்லை, போடாதவரும் கைவிடவில்லை. நீங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: “தண்டுவடத்தை நெருக்கும் அழுத்தத்தை எடுக்க அறுவை சிகிச்சை தேவையா? 24 மணி நேரத்துக்குள் முடியுமா?” எங்கே போனால் முடியும் என்பதையும் கேளுங்கள்.

தூக்கிக்கொண்டு வந்ததால் காயம் கூடிவிட்டது என்று என்மேல் கேஸ் வருமா? செலவை என் தலையில் கட்டுவார்களா?

நல்லெண்ணத்தோடு உதவியவர்மேல் வழக்குப் போட முடியாது. 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் உதவுபவர்களைக் காக்கும் வழிமுறைகளை உறுதி செய்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவே சேர்ந்தது. பெயர், முகவரி சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. கொண்டு வந்து சேர்த்துவிட்டு நீங்கள் போகலாம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு, அதில் இணைந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு செலவு செய்கிறது. அவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும் சரி.

போகும் முன் இரண்டு வார்த்தை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்: எப்படிக் கிடந்தார், அப்போது கை கால் அசைந்ததா. முதலில் அசைந்து பிறகு நின்றது என்பது எங்களுக்கு எந்த ஸ்கேனும் சொல்லாத செய்தி.

காலரோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எப்போது கழற்றலாம்? ஸ்கேன் நார்மல் என்றுதானே சொன்னார்கள்?

எலும்பு நார்மலாக இருந்தும், எலும்புகளைக் கட்டியிருக்கும் தசைநார் கிழிந்திருக்கலாம். அது சி.டி.யில் சரியாகத் தெரியாது. நடுக்கோட்டு வலி நீடித்தால் எம்.ஆர்.ஐ. எடுப்பதா, சில நாள் கழித்து மறுபடி பார்ப்பதா என்று டாக்டர் முடிவு செய்வார். சீட்டில் மறுபரிசோதனைத் தேதி எழுதியிருக்கிறதா என்று வாசலைத் தாண்டும் முன் பாருங்கள். எழுதவில்லை என்றால் திரும்பி வந்து கேளுங்கள். தேதியே இல்லாமல் மூன்று மாதம் காலரோடு திரிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கழுத்துத் தசை இளைத்துப்போய், கழற்றினால் தலை நிற்காது.

தினம் ஒரு முறை, மல்லாக்கப் படுத்த நிலையில், ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள மற்றவர் காலரைத் திறந்து, தாடை, காதின் பின்புறம், பிடரி, காறை எலும்பு ஆகிய இடங்களில் சிவந்திருக்கிறதா என்று பார்த்து, துடைத்து உலர்த்தி மறுபடி போட வேண்டும். வண்டி ஓட்டக் கூடாது. விரலில் புதிதாக மரப்பு, சட்டைப் பொத்தானைப் போட முடியாமை, நடையில் தள்ளாட்டம், சிறுநீர் நிற்பது அல்லது தானே போவது, இவற்றில் எது வந்தாலும் மறுபரிசோதனைத் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். இரவு இரண்டு மணியானாலும் விபத்துப் பிரிவுக்கு வாருங்கள். நாங்கள் விழித்துத்தான் இருப்போம்.